மிதிவண்டி பெறும் பிள்ளைகளின் தலையைப் பற்றி: பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அரசினர் மேல்நிலைப் பள்ளிகளிலும் அரசின் உதவி பெறும் பள்ளிகளிலும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பை ஏற்றிருக்கும் பெரியோர்களே,

பதினோராம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அரசாங்கத்தார் விலையின்றி வழங்கும் மிதிவண்டிகள் உங்கள் பள்ளி வளாகத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டு, பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் ஒப்படைக்கப்படும் நாளில், அந்த வண்டியோடு கூட வரவேண்டிய ஒரு பொருள் வராமலே இருப்பதை உங்களில் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனித்தவர்களிலும் பெரும்பாலோர் அது அவசியமில்லை என்ற அபிப்பிராயத்திலேயே இருக்கிறீர்கள் என்பதை உங்களோடு பேசிப் பழகியதிலிருந்து அறிந்திருக்கிறேன். நான் குறிப்பிடுவது சைக்கிள் ஓட்டுபவர் அணியும் தலைக்கவசத்தை. “மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு ஹெல்மெட் வேண்டும், அதற்குச் சட்டமும் இருக்கிறது, சைக்கிளில் போகிற பிள்ளைக்கு அது எதற்கு? பின்னால் வருகிற லாரி இடித்துவிட்டால் அந்தத் தெர்மாகோல் தொப்பியா காப்பாற்றப் போகிறது?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது. மிதிவண்டிப் பழக்கம் மிகுந்த மேல்நாடுகளிலும் படித்தவர்கள், அதுவும் நாள்தோறும் சைக்கிளில் போகிறவர்கள், இதே ஆட்சேபத்தை இன்னும் விரிவான தர்க்கத்தோடு எழுப்பி வருகிறார்கள். ஆகவே அதற்கு உரிய மரியாதையோடு, பௌதிகம் கற்பித்த ஆசிரியன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் விடை கூற முற்படுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனத்தோடு மோதிய விபத்திலும் அந்தக் கவசம் தலையைக் காக்கிறது. முழுவதும் காப்பதில்லை, எப்போதும் காப்பதில்லை, தலையைத் தவிர வேறு எதையும் காப்பதில்லை. ஆயினும் அது காக்கும் அளவு, பெற்றோராகிய உங்களில் எவரும் அலட்சியம் செய்யத்தக்க அளவன்று.

தெர்மாகோல் என்று நீங்கள் இகழ்ந்து பேசும் அந்தப் பொருள் உண்மையில் தெர்மாகோலின் இனத்தைச் சேர்ந்ததே. பாலிஸ்டைரீன் நுரைதான், ஆனால் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் அட்டையைவிட அடர்த்தி மிகுந்தது. அது உறுதியாக இருந்து அடியைத் தடுப்பதில்லை; நசுங்கியே தடுக்கிறது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவன் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிக்கிறானே, அந்தத் தத்துவம்தான் இதுவும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, வெறும் தார்ச்சாலையில் மோதி மூன்று மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை அந்த நிற்கும் தூரத்தால் வகுத்தால், பூமியின் ஈர்ப்பைப் போல் சராசரி ஐந்நூறு மடங்கு வலிமையுள்ள வேகக்குறைப்பை அந்த மூளை தாங்க வேண்டியிருக்கிறது என்பது கிடைக்கும். இடையில் நுரை இருந்து, அது நசுங்குவதால் நிற்கும் தூரம் இரண்டு சென்டிமீட்டராக நீண்டால், அதே கணக்கின்படி அந்த ஐந்நூறு மடங்கு, வெறும் எழுபத்தைந்து மடங்காகக் குறைகிறது. கணக்கு மேலெழுந்தவாரியானதுதான், உண்மையான மோதலில் விசை ஒரே சீராக இராது, அதன் உச்சம் சராசரியைவிட மிக அதிகமாகவே இருக்கும். எனினும் இரண்டு சென்டிமீட்டர் நுரைக்கு இத்தனை சக்தி எங்கிருந்து வந்தது என்பது இதனால் விளங்கும்.

இனி, ஆட்சேபத்தின் உயிர்நிலையைப் பார்ப்போம். ஐரோப்பாவில் ‘இ.என். 1078’ என்ற பிரமாணத்தின்படி, உலோகத்தால் செய்த தலையுருவம் ஒன்றுக்குக் கவசத்தை அணிவித்து, சற்றேறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்புப் பட்டறைமேல் விழச் செய்கிறார்கள். அது மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அப்போது தலையுருவத்தின் வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் 1999 முதல் வழங்கிவரும் பிரமாணம் இரண்டு மீட்டர் உயரத்தையும் 300 மடங்கு என்ற எல்லையையும் வைத்திருக்கிறது. இதைப் படித்தவர்கள், “இருபது கிலோமீட்டர் வேகத்துக்கென்று சோதிக்கப்பட்ட கவசம், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்கு முன் என்ன பிரயோஜனம்? தானாகச் சாய்ந்து விழுபவனுக்கு அது போதும், வாகனம் மோதியவனுக்கு அது வெறும் அலங்காரம்” என்று முடிவு செய்கிறார்கள். பார்வைக்கு மிகச் சரியான தர்க்கம். ஆனால் வாகனத்தின் வேகமும் தலை மோதும் வேகமும் ஒன்றே என்று அது மனத்துக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது; பிழை அங்கேதான் இருக்கிறது.

வாகனம் முதலில் இடிப்பது பெரும்பாலும் வண்டியின் சக்கரத்தையும் ஓட்டுபவரின் காலையும் இடுப்பையும். கார் போன்ற தாழ்ந்த வாகனமாயின் உடல் அதன் பானட்டின்மேல் சாய்ந்து உருள்கிறது. தலை முன்கண்ணாடியிலோ, கண்ணாடியைத் தாங்கும் ஓரத் தூணிலோ மோதுகிறது. பிறகு உடல் சாலையில் விழும்போது மறுபடியும் மோதுகிறது. கண்ணாடி உடைந்து வளைந்துகொடுப்பதால் அதில் மோதுவது ஓரளவு தாங்கத்தக்கது. தூணில் மோதுவது மிகக் கொடியது. சாலையில் விழும் அந்த இரண்டாவது மோதலோ, வாகனம் எத்தனை வேகத்தில் வந்திருந்தாலும், செங்குத்துத் திசையில் தலை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதையே பெரிதும் பொறுத்தது. கிடைத்திசையில் எஞ்சிய வேகம் உடலைத் தேய்த்துக்கொண்டு போகுமேயன்றித் தலையைத் தரையோடு நேராக அறைவதில்லை. அந்த உயரம் பெரும்பாலும், சோதனைச்சாலையில் எந்த உயரத்திலிருந்து கவசத்தை விழச் செய்தார்களோ அதற்கு அண்மையான உயரமே. நம் சாலைகளின் அனுபவத்தைக் கொண்டே நீங்கள் இதைச் சிந்திக்கலாம்: மினி பஸ் உரசிக்கொண்டு போகும்போது ஹேண்டில்பாரில் பட்டு விழுந்த மாணவன், நிறுத்தியிருந்த காரின் கதவு திடீரென்று திறந்ததால் தடுக்கி விழுந்த மாணவி, சந்து முனையில் திரும்பிய ஆட்டோவில் மோதிச் சாய்ந்த சிறுவன், இவர்கள் எல்லாரும் போலீஸ் பதிவேட்டில் மோட்டார் வாகனம் மோதி அடிபட்டவர்கள்தாம். ஆனால் அவர்கள் தலையை உடைத்தது வாகனமன்று, சாலை.

தலையே நேராக வாகனத்தில் மோதி, அந்த வேகம் நுரையின் எல்லையைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? எல்லை தாண்டியவுடன் நுரை தான் விழுங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தலை மோதுவதாகக் கொள்வோம். சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 கிலோமீட்டர் வேகத்துக்குரிய சக்தியை நுரை ஏற்றுக்கொண்டால், மூளைக்கு எஞ்சுவது 22 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்துக்குரிய சக்தி. முப்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சில பிள்ளைகளுக்கு மரணத்துக்கும் வைத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம். வேறு சிலருக்கு, எழுதப் படிக்க இயலாமற்போவதற்கும் சில வாரம் தலைவலியோடு இருந்து பள்ளிக்குத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

கணக்கு இவ்வாறு சொல்லலாம். பிரத்தியட்சத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு ஆஸ்திரேலியாவைத்தான் பார்க்க வேண்டும். அந்நாட்டின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2001 முதல் 2009 வரை மோட்டார் வாகனத்தோடு மோதிய மிதிவண்டி விபத்துகளை மட்டும் தனியே பிரித்தெடுத்து, போலீஸ் பதிவேட்டையும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் இணைத்து, பாம்பாக், மிச்சல், கிரெபியேட்டா, ஒலிவியர் என்னும் நால்வர் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை 6,745 மோதல்கள். தானாக விழுந்தவர்கள் இதில் ஒருவரும் இல்லை. எல்லாரும் வாகனம் மோதியவர்கள். ஆகையால் உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான விடையளிக்கத்தக்க ஆராய்ச்சியை நான் அறியேன். கவசம் அணிந்தவர்களுக்கு, அணியாதவர்களைவிட, மிதமான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 49 சதவிகிதமும், கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 62 சதவிகிதமும், மிகக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 74 சதவிகிதமும் குறைவாக இருந்தது. இதில் கருதிப் பார்க்க வேண்டியது, காயம் கொடியதாக ஆக ஆகக் கவசத்தின் உதவி குறையாமல் கூடிக்கொண்டே போயிருப்பதுதான். பலமான மோதலில் அது பயன்படாது என்ற தர்க்கம் மெய்யாயிருந்தால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

கவசம் அணிகிறவர் இயல்பிலேயே ஜாக்கிரதையானவர், அவருக்கு நேரும் விபத்தே சிறியதாக இருந்திருக்கும், நன்மையைக் கவசத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று என்ற சந்தேகம் இங்கே எழும். எழவும் வேண்டும். அந்த ஆராய்ச்சியாளர்கள் அதையும் பார்த்தார்கள். அணியாதவர்கள் சமிக்ஞையை மீறுவது, மது அருந்தி ஓட்டுவது முதலியவற்றில் மிகுதியாக ஈடுபட்டிருந்ததும், ஆனால் அவர்கள் ஆபத்து மிகுந்த சாலைகளில் குறைவாகவே ஓட்டியதும் தெரியவந்தன. இத்தகைய வேறுபாடுகளைக் கணக்கிலிருந்து நீக்கிய பின்பே மேற்கூறிய சதவிகிதங்கள் கிடைத்தன. என் மனத்தை மிகவும் உறுத்தியது அவர்கள் தந்த இன்னொரு செய்தி: கவசம் கட்டாயமான அந்த மாநிலத்திலேயே, வாகனம் மோதிய பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை அணிந்திருக்கவில்லை.

உலகின் பல பாகங்களிலும் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து ஒலிவியரும் கிரெய்டனும் வெளியிட்ட தொகுப்பாய்வு, நாற்பது ஆராய்ச்சிகளையும் அறுபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட காயமுற்றோரையும் உள்ளடக்கியது. கடுமையான தலைக்காயத்துக்குக் கவசம் 69 சதவிகிதக் குறைவைத் தருகிறது என்பது அதன் முடிவு. கவசம் கழுத்தை முறித்துவிடும் என்று சிலர் அஞ்சுவதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வது என் கடமை. 1989-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வைத்தியர்கள் தலைக்காயம் 85 சதவிகிதம் குறையும் என்று எழுதினார்கள். அந்த எண் நெடுங்காலம் வேதவாக்காக ஓதப்பட்டு, அதன் பின் வந்த ஆராய்ச்சிகள் எவையும் அவ்வளவு பெரிய பலனைக் காட்டாததால், 2013-ல் அந்நாட்டு அரசாங்கத் துறைகளே அதைக் கைவிட்டன. நார்வே தேசத்து எல்விக் என்பவர், நல்ல முடிவு தந்த ஆராய்ச்சிகளே அதிகமாக அச்சேறுகின்றன என்பதை எடுத்துக்காட்டி, பலனின் அளவை இன்னும் குறைத்து மதிப்பிட்டார். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துப் பார்த்தாலும், கடுமையான தலைக்காயத்தில் பாதிக்குமேல் தடுக்கப்படுகிறது என்று கொள்வது மிகையாகாது என்பதே என் துணிபு.

இந்த விஷயத்துக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. அராபியரோடு சேர்ந்து போர்புரிந்து புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935-ஆம் வருஷம் மே மாதம் இங்கிலாந்தில் டார்செட் பகுதியின் கிராமச் சாலையொன்றில் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்தபோது, எதிரே மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கண்டு விலகப்போய்த் தூக்கியெறியப்பட்டார். தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்க்க வரவழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். பின்னர் யுத்தம் வந்து, செய்தி கொண்டுசெல்லும் சேனை வீரர்கள் இருட்டடிப்புச் செய்த சாலைகளில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மாண்டுகொண்டிருந்தபோது, கவசத்தின் அவசியத்தைப் பற்றி 1941-ல் அவர் எழுதிய கட்டுரை அக்காலத்து வைத்திய உலகை விழிக்கச் செய்தது. பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. அவரோடு ஆக்ஸ்போர்டில் இருந்த ஹோல்போர்ன் என்ற பௌதிக அறிஞர், ஜெலட்டினால் மூளையின் உருவம் செய்து அதைச் சுழற்றிப் பார்த்து, நேரான அடியைவிடத் தலையின் திடீர்ச் சுழற்சியே மூளையின் திசுக்களைப் பெரிதும் சிதைக்கிறது என்று 1943-ல் காட்டினார். அந்தச் சுழற்சியையும் ஓரளவு தணிக்கும்படி உள்ளே வழுக்கும் மெல்லிய உறை ஒன்றை அமைக்கும் முறையைச் சுவீடன் நாட்டார் பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். அத்தகைய கவசம் விலை அதிகம். அதை வாங்க இயலும் காலத்தை எதிர்பார்த்துச் சாதாரணக் கவசத்தையும் வாங்காமல் இருப்பது உசிதமன்று.

கவசத்தால் ஆகாதவற்றைச் சொல்கிறேன். லாரியின் சக்கரம் ஏறினால் அது உதவாது. மார்பு நொறுங்கினால் உதவாது; இடுப்பும் வயிறும் முதுகெலும்பும் அதன் பாதுகாப்புக்குள் வருவன அல்ல. இரவில் பின்விளக்கில்லாமல் போகும் பிள்ளையை அது லாரி டிரைவரின் கண்ணுக்குக் காட்டித் தருவதில்லை. ஆதலால், “ஹெல்மெட் கொடுத்துவிட்டோம், நம் கடமை முடிந்தது” என்று எந்தத் துறையாவது, எந்தக் கழகமாவது சொல்லுமானால், அதைவிடத் தீங்கான பேச்சு வேறு இல்லை.

ஹாலந்து தேசத்தைப் பாருங்கள். அங்கே கிழவர்களும் குழந்தைகளும் தலையில் ஒன்றுமில்லாமல் மிதிவண்டியில் போகிறார்கள். ஆயினும் அவர்கள் போகும் தூரத்தோடு ஒப்பிட்டால் சாவு மிகக் குறைவு. கவசத்தை மறுப்பவர்கள் இதை எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. ஆனால் அந்நாட்டில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் மாண்டார்கள் என்பதையும், குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்னும் பொருள்படும் பெயரோடு பெற்றோர் ஓர் இயக்கம் கண்டு, தெருவில் இறங்கி, வருஷக்கணக்கில் போராடியே மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகளையும், வீட்டுத் தெருக்களில் வாகனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளையும் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் தலைக்கவசம் இன்றிப் போகமுடிவது அந்தச் சாலையின் உபகாரத்தால். நான்குவழிச் சாலையின் ஓரத்தில், அணுகுசாலைகூட இல்லாத இடத்தில், எதிர்த்திசையில் வரும் டிராக்டருக்கும் பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பள்ளிக்கு வரும் நம் பிள்ளைக்கு அந்த நியாயம் பொருந்தாது. சாலை திருந்தும் நாள் வரையிலுமாவது கவசம் வேண்டும். கவசம் வந்தது என்பதற்காகச் சாலையைத் திருத்துமாறு கேட்பதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் கனத்த மனத்தோடு எழுதுகிறேன். விபத்து நேர்ந்தபின், “பையன் ஹெல்மெட் போட்டிருக்கவில்லையே” என்பது முதற்கேள்வியாக வந்து, வாகனத்தை அதிவேகமாக ஓட்டியவனின் குற்றம் இரண்டாவதாகப் பின்னுக்குத் தள்ளப்படும் வழக்கம் பிற நாடுகளில் தலைகாட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்தில் 2009-ல் ஒரு வழக்கில், கவசம் அணியாத மிதிவண்டிக்காரர் தம் காயத்துக்குத் தாமும் ஓரளவு பொறுப்பாகக் கூடும் என்று நீதிபதி கூறினார். அந்த வழக்கில் கவசம் இருந்தாலும் பயன்பட்டிராது என்று கண்டு, இழப்பீட்டைக் குறைக்காமல் விட்டார். அடிபட்ட பிள்ளையைக் குற்றவாளியாக்கும் ஆயுதமாகக் கவசம் மாறிவிடக் கூடாது. கவசத்தை வாங்கிக் கொடுக்கச் சொல்லும் நான், அது இல்லாமல் அடிபட்ட ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் எவரேனும் அந்தக் கேள்வியைக் கேட்டால், கேட்டவருக்கு எதிராகவே நிற்பேன்.

இதன் காரணமாகத்தான், கவசம் இல்லாமல் வருகிறவர்களைப் பள்ளி வாசலில் நிறுத்தி வைப்பது, வண்டியைப் பறிமுதல் செய்வது போன்ற கட்டாயங்கள் வேண்டாம் என்றும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், மிதிவண்டிக்காரர் அனைவருக்கும் கவசத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கியதில் உலகத்துக்கே முதலாவது; அந்தச் சட்டம் 1990-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அணிவோர் விகிதம் 31-லிருந்து ஒரே ஆண்டில் 75 சதவிகிதமாயிற்று. தலைக்காயத்தால் இறந்தோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தோ நஷ்டஈடு கோரியவர்களின் எண்ணிக்கை முதலாண்டில் 48, இரண்டாமாண்டில் 70 சதவிகிதம் குறைந்தது. ஆனால் அதே சமயத்தில் மெல்போர்ன் நகரத்தில் சிறுவர் சிறுமியர் மிதிவண்டி ஓட்டுவது முதலாண்டில் 36 சதவிகிதம் குறைந்துவிட்டது. தலையில் அடிபடாத மற்றக் காயங்களும் கால்வாசியளவு குறைந்தன. வேகத்தைக் கண்காணிக்கும் காமிராவும் குடித்து ஓட்டுபவர்களைப் பிடிக்கும் நடவடிக்கையும் அக்காலத்திலேயே தீவிரமாயின. ஆகவே குறைவு முழுவதும் கவசத்தால் வந்ததென்று சொல்ல முடியாது. ஓட்டுவதையே விட்டுவிட்ட பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் மிதிவண்டியை விடுவதென்றால் என்ன பொருள் என்பதை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதும், அதனால் அவர்கள் நடமாட்டத்துக்கு ஏற்பட்ட விடுதலையும் நம் கண்முன் நடந்தவை. பீகாரில் 2006 முதல் மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்ததன் பலனைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அளந்து பார்த்தபோது, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 சதவிகிதம் கூடியிருக்கக் கண்டார்கள். பெற்றோர் அஞ்சியோ, பிள்ளைகள் வெட்கியோ வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டால், ஒரு பெண்ணின் படிப்பு பதினோராம் வகுப்போடு நின்றுபோகலாம். கவசம் அவளைச் சாலைக்கு அனுப்புவதற்காகவேயன்றி, சாலையிலிருந்து அகற்றுவதற்காக அன்று.

எனவே கட்டாயத்துக்குப் பதிலாகக் கொடையை வைத்துக்கொள்ளுங்கள். கழகத்தின் நிதியிலிருந்தும், ஊரிலுள்ள முன்னாள் மாணவர்களிடமிருந்தும் பெறக்கூடிய தொகையைக் கொண்டு, வண்டி வழங்கும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கவசம் கிடைக்கும்படி செய்யலாம். எல்லாருக்கும் முடியாவிட்டால் நெடுஞ்சாலை வழியே வருகிறவர்களுக்கு முதலில். ஒருவன் மட்டும் அணிந்தால் மற்றவர் பரிகசிப்பர். வகுப்பு முழுவதும் அணிந்தால் பரிகசிக்க ஆளிராது. ஆசிரியரும் தாம் சைக்கிளில் வரும்போது அணிந்து வரட்டும். வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் மாட்டி அனுப்பாதீர்கள்; அதன் கனமும் வெப்பமும் நம் சித்திரை வெயிலில் பெடல் மிதிக்கும் பிள்ளையால் தாங்கத்தக்கவை அல்ல. மிதிவண்டிக்கென்றே செய்யப்பட்டது கால் கிலோவுக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். காற்று போகத் துவாரமும் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் நான் மேலே சொன்ன பிரமாணங்களில் ஒன்றாவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அணியும் முறையையும் யாராவது கற்பிக்க வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கிடை இடம் விட்டு நெற்றியை மூடியிருக்க வேண்டும். பிடரியில் சாய்த்து, நெற்றி திறந்திருக்க அணிவது அணியாததற்குச் சமானம். வார் காதின் இருபுறமும் வந்து கீழே சேர, மோவாய்க்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடம் போதும். இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவரும் பெண்களுக்கு அது ஒரு தடையன்று. உச்சியில் கொண்டை போட்டால்தான் கவசம் உட்காராது. பலமாக ஒரு முறை அடிபட்ட கவசம், வெளிப்புறம் பழுதின்றித் தோன்றினாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். அதை மாற்றிக் கொடுக்கப் பள்ளியில் சில கவசங்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின்மட்காட்டில் பிரதிபலிப்பான் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கேரியரில் ஒருவரும் முன்கம்பியில் ஒருவருமாக மூவர் ஏறி வருகிறார்களா என்பனவும் அந்த வேளையிலேயே பார்க்கத்தக்கவை.

கழகத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை ஒரே நாளில் நிறைவேற்றுமாறு வேண்டுகிறேன். கவசத்துக்கான நிதியைப் பற்றியது ஒன்று. நெடுஞ்சாலைத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பவேண்டிய விண்ணப்பம் மற்றொன்று. பள்ளிக்கு வரும் சாலையில் எந்தெந்த இடத்தில் வேகத்தடை வேண்டும், எங்கே ஓரத்தில் மண் சரிந்து வண்டி இறங்க இடமில்லை, பள்ளி விடும் நேரத்தில் எந்தச் சந்திப்பில் போலீஸ்காரர் நிற்க வேண்டும் என்பதை அந்தச் சாலையில் தினமும் வந்துபோகும் மாணவர்களிடமே கேட்டு, இடம் குறிப்பிட்டு எழுதுங்கள். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடுவோரில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியரும் இருக்கட்டும். சோதனைகளையும் கணக்குகளையும் உங்கள் கூட்டத்தில் நேரில் விளக்கிக் காட்ட வேண்டுமென்று விரும்பினால், அழைத்த ஊருக்கு நான் வருகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் பிள்ளைகளின் நலம் நாடும்
ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியன்